வடிவியல் நிரூபணத்தில் எந்தப் படி முதலில், எந்தப் படி அடுத்து: ஒரு முழுமையான வழிகாட்டி

ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரங்களில் வடிவியல் சொல்லித்தருகிறேன். அவர்கள் நோட்டில் தவறான வரிகளைவிட, இடம் மாறி நிற்கும் சரியான வரிகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஏழாவது வரியில் கிடைக்கப்போகிற ஒன்றை மூன்றாவது வரியிலேயே எடுத்துச் செலவழித்திருப்பார்கள். வரிகளைத் தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் உண்மை. சேர்த்துப் படித்தால் நிரூபணமே இல்லை.

யோசித்த வரிசையிலேயே எழுதிவிடுவதால் இது நடக்கிறது. நிரூபணத்தை முடிவிலிருந்து மேல்நோக்கி யோசிக்க வேண்டும், தரவிலிருந்து, அதாவது கணக்கில் கொடுத்திருப்பதிலிருந்து, கீழ்நோக்கி எழுத வேண்டும். இரண்டுக்கும் நடுவில் படிகளை வரிசைப்படுத்தும் வேலை தனியாக இருக்கிறது. அதைத்தான் இங்கே ஒரு கணக்கை வைத்துக் காட்டப்போகிறேன்.

கணக்கு இது. கசட ஒரு முக்கோணம்; அதில் கச = கட. பக்கம் கச-வின் மேல் த என்ற புள்ளியும், பக்கம் கட-வின் மேல் ப என்ற புள்ளியும் கத = கப என்று அமையுமாறு உள்ளன. சப, டத ஆகிய கோடுகள் ம என்ற புள்ளியில் வெட்டிக்கொள்கின்றன. சம = டம என நிரூபிக்கவும். (சம என்பது இங்கே ச-விலிருந்து ம வரை உள்ள கோடு; டம-வும் அப்படியே.)

நீங்களும் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். க மேலே, ச இடது கீழே, ட வலது கீழே. படம் இல்லாமல் இதைப் படித்தால் பாதிதான் புரியும்.

1. தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

இரண்டு முக்கோணங்கள் சர்வசமம், அதாவது வடிவிலும் அளவிலும் ஒன்றே, என்று சொல்ல நாலு விதிகள்: ப-ப-ப, ப-கோ-ப, கோ-ப-கோ, செ-க-ப. இவற்றில் ப என்பது பக்கம், கோ என்பது கோணம், செ-க-ப என்பது செங்கோணம்-கர்ணம்-பக்கம். முக்கோணத்தின் இரு கோணங்களும் அவற்றுக்கு இடையில் இல்லாத ஒரு பக்கமும் சமம் என்றாலும் போதும். மூன்றாவது கோணம் தானாகச் சமமாகிவிடுவதால் அது கோ-ப-கோ விதிக்குள் அடங்கும்.

இணைகோடுகளைக் குறுக்குவெட்டி வெட்டும்போது வரும் ஒத்த கோணங்கள், ஒன்றுவிட்ட கோணங்கள், குத்தெதிர்க் கோணங்கள், முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180°, இருசமபக்க முக்கோணத்தின் தேற்றமும் அதன் மறுதலையும் (தேற்றத்தைத் திருப்பிப் போட்ட கூற்று). இவ்வளவு இருந்தால் இந்த வழிகாட்டிக்குப் போதும்.

தேற்றங்களை 'இது இருந்தால், இது கிடைக்கும்' என்ற வடிவில் மனதில் வையுங்கள். 'இருசமபக்க முக்கோணத் தேற்றம்' என்று பெயர் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு அதை எந்தத் திசையில் பயன்படுத்துவது என்று தெரியாது. 'ஒரு முக்கோணத்தில் இரு பக்கங்கள் சமம் என்றால், அவற்றுக்கு எதிரே உள்ள கோணங்கள் சமம்' என்று தெரிந்தவருக்கு அது எந்த வரிக்குப் பிறகு வர வேண்டும் என்பதும் சேர்ந்தே தெரியும்.

2. கணக்கை இரண்டாகப் பிரியுங்கள்

நோட்டில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் 'தரவு', வலப்பக்கம் 'நிரூபிக்க வேண்டியது'.

தரவு: கச = கட; கத = கப; த என்பது கச-வின் மேல்; ப என்பது கட-வின் மேல்; ம என்பது சப, டத இரண்டின் மேலும். நிரூபிக்க வேண்டியது: சம = டம.

'மேல் இருக்கிறது' என்பதையெல்லாம் பெரும்பாலான பிள்ளைகள் தரவாக எழுதுவதில்லை. படத்தில்தான் தெரிகிறதே என்பார்கள். ஆனால் இந்தக் கணக்கில் மூன்று வரிகளுக்குக் காரணமே அதுதான். எந்தப் புள்ளி எந்தக் கோட்டின் மேல் என்பதையும் எழுதி வையுங்கள்.

3. படத்தைப் பெரிதாக, பொதுவாக வரையுங்கள்

அரைப் பக்கத்துக்குக் குறையாமல் வரையுங்கள். த, ப இரண்டையும் நடுப்புள்ளிகளில் வைக்காதீர்கள். வைத்தால் சப, டத இரண்டும் நடுக்கோடுகளாகிவிடும். கணக்கு சொல்லாத உண்மைகள் படத்தில் தெரிய ஆரம்பிக்கும். முக்கோணத்தைச் சமபக்க முக்கோணம் போலவும் வரைய வேண்டாம்.

தரவில் உள்ள சமங்களுக்கு மட்டும் பேனாவால் குறி போடுங்கள். நீங்களாகக் கண்டுபிடித்ததைப் பென்சிலால் குறியுங்கள். நிரூபிக்க வேண்டியதற்கு எந்தக் குறியும் போடாதீர்கள், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போதும். சம, டம இரண்டிலும் சமக்குறி போட்டுவிட்டால் பத்து நிமிடம் கழித்து அதுவும் தரவு மாதிரியே கண்ணுக்குத் தெரியும். நல்ல மாணவர்கள்கூட இந்த இடத்தில் வழுக்கியிருக்கிறார்கள்.

4. கடைசி வரியிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'இதைச் சொல்ல எனக்கு எது தெரிந்திருக்க வேண்டும்?'

சம = டம. இரண்டு கோட்டுத்துண்டுகள் சமம் என்று எப்போதெல்லாம் சொல்லலாம்? இரு சர்வசம முக்கோணங்களின் ஒத்த பக்கங்களாக இருந்தால் சொல்லலாம். ஒரே முக்கோணத்தில் சம கோணங்களுக்கு எதிரே இருந்தால் சொல்லலாம். ஒரே வட்டத்தின் ஆரங்கள், இணைகரத்தின் எதிர்ப் பக்கங்கள், சம நீளங்களில் சம நீளங்களைக் கழித்த மிச்சம் என்றும் வழிகள் உண்டு. இங்கே வட்டமும் இல்லை, இணைகரமும் இல்லை, சம, டம கிடைக்கும்படி கழிக்கத் தெரிந்த நீளங்களும் இல்லை. முதல் இரண்டு வழிகள் மிஞ்சுகின்றன.

படத்தைப் பாருங்கள். சம, டம இரண்டும் மசட என்ற ஒரே முக்கோணத்தின் பக்கங்கள். ஆகவே ∠மசட = ∠மடச என்று காட்டினால் போதும்.

சரி, அதற்கு என்ன வேண்டும்? ம என்பது சப-வின் மேல் இருப்பதால் ∠மசட என்பதும் ∠பசட என்பதும் ஒரே கோணம். அதேபோல ∠மடச-வும் ∠தடச-வும் ஒன்று. எனவே ∠பசட = ∠தடச என்று காட்ட வேண்டும்.

இந்தக் கோணங்கள் எந்த முக்கோணங்களில் இருக்கின்றன? ஒன்று பசட-வில், இன்னொன்று தடச-வில். இவை ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கிடப்பதால் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாது. ஆகவே இரண்டையும் பக்கத்தில் பிரித்து வரையுங்கள். இடப்பக்கம் தசட, வலப்பக்கம் படச. இரண்டாவதைத் திருப்பி வரைந்து, ச-வுக்கு நேராக ட வருமாறும், த-வுக்கு நேராக ப வருமாறும் வையுங்கள். இந்த ஒரு காரியத்தைச் செய்தவுடனேயே பாதிப் பேருக்கு மீதி நிரூபணம் தெரிந்துவிடுகிறது.

இரண்டுக்கும் பக்கம் சட பொது. ∠தசட, ∠படச இரண்டும் பெரிய முக்கோணத்தின் அடிக்கோணங்கள்; கச = கட என்பதால் சமம். இன்னும் ஒன்று வேண்டும்: சத = டப. அது கச-விலிருந்து கத-வைக் கழித்தும், கட-விலிருந்து கப-வைக் கழித்தும் வருவது. கழிக்கிறவை இரண்டும் தரவு. தரவைத் தொட்டுவிட்டோம், பின்னோக்கிய வேலை முடிந்தது.

5. நடுவழியில் நின்றுவிட்டால்

பின்னோக்கி வரும்போது வழி அடைத்துக்கொண்டால், தரவிலிருந்து முன்னோக்கிக் கிடைப்பதையெல்லாம் ஒரு ஓரத்தில் எழுதுங்கள். கச = கட என்பதிலிருந்து என்ன கிடைக்கும்? கத = கப என்பதிலிருந்து? இரண்டையும் சேர்த்தால்? பெரும்பாலும் நாலைந்து வரிக்குள் இரண்டு பக்கத்து வேலையும் சந்தித்துவிடும். ஓரத்தில் எழுதிய எல்லாமே நிரூபணத்துக்குள் போக வேண்டியதில்லை.

6. சீட்டுகளை அடுக்குங்கள்

இப்போது படிகள் தலைகீழாக, அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை நான் சேர்த்து வைத்திருப்பேன். அதன் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். நாலாக வெட்டினால் நல்ல சீட்டு. ஒரு சீட்டுக்கு ஒரு கூற்று. ஓரத்தில், அந்தக் கூற்று வருவதற்கு வேறு எந்தக் கூற்றுகள் தேவையோ அவற்றைச் சின்னதாகக் குறிக்க வேண்டும்.

அடுக்கும் விதி எளிது. ஓரத்தில் எதுவும் எழுதாத சீட்டுகளை முதல் வரிசையில் வையுங்கள். இங்கே கச = கட, கத = கப, 'சட பொது' ஆகிய மூன்றும் அப்படிப்பட்டவை. முதல் வரிசையில் இருப்பவற்றை மட்டும் நம்பி நிற்கும் சீட்டுகள் இரண்டாம் வரிசை. அப்படியே கீழே கீழே போங்கள். எந்தச் சீட்டும் தனக்குக் கீழே இருக்கும் சீட்டைக் கேட்கக் கூடாது.

ஒரே வரிசையில் இருப்பவற்றை எப்படி வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். 'சத = டப' முதலா, 'அடிக்கோணங்கள் சமம்' முதலா என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். எது முதலில் வந்தாலும் சரிதான். ஒன்று மற்றொன்றைக் கேட்கவில்லை. ஆனால் இரண்டுமே சர்வசமம் சொல்லும் வரிக்கு மேலே இருந்தாக வேண்டும். எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு நிரூபணத்தை மனப்பாடம் செய்யும் தேவை வராது.

இரண்டு சோதனைகள் உண்டு. ஏதாவது ஒரு சீட்டை வேறு எந்தச் சீட்டும் கேட்கவில்லை, அது முடிவும் இல்லை என்றால், அது தேவையில்லாத வரி, எடுத்துவிடுங்கள். தரவில் உள்ள ஒரு சமத்தை எந்தச் சீட்டும் தொடவே இல்லை என்றால் பெரும்பாலும் எங்கோ ஓட்டை இருக்கிறது, திரும்பத் தேடுங்கள்.

7. கூற்று, காரணம் என்று எழுதுங்கள்

வரி 1: கச = கட (தரவு)

வரி 2: கத = கப (தரவு)

வரி 3: கச − கத = கட − கப (வரி 1, 2; சமங்களிலிருந்து சமங்களைக் கழித்தால் மிச்சமும் சமம்)

வரி 4: சத = டப (வரி 3; த என்பது கச-வின் மேலும், ப என்பது கட-வின் மேலும் உள்ளன)

வரி 5: ∠கசட = ∠கடச (வரி 1; சம பக்கங்களுக்கு எதிரே உள்ள கோணங்கள்)

வரி 6: ∠தசட = ∠படச (வரி 5; த, ப அந்தப் பக்கங்களின் மேல் உள்ளதால் அதே கோணங்கள்)

வரி 7: சட = டச (பொதுப் பக்கம்)

வரி 8: △தசட ≅ △படச (வரி 4, 6, 7, ப-கோ-ப)

வரி 9: ∠தடச = ∠பசட (வரி 8; சர்வசம முக்கோணங்களின் ஒத்த கோணங்கள்)

வரி 10: ∠மடச = ∠மசட (வரி 9; ம என்பது டத, சப இரண்டின் மேலும் உள்ளதால் அதே கோணங்கள்)

வரி 11: சம = டம (வரி 10; சம கோணங்களுக்கு எதிரே உள்ள பக்கங்கள்)

காரணத்தில் வரி எண்ணையும் கட்டாயம் எழுதுங்கள். தேர்வில் கேட்காவிட்டாலும் பழகும் நாட்களில் எழுதுங்கள். எண் எழுதப் போகும்போதுதான், மேலே இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்பது தெரியவரும்.

வரி 8-இல் எழுத்து வரிசையைக் கவனியுங்கள். த-வுக்கு ப, ச-வுக்கு ட, ட-வுக்கு ச. இதை △தசட ≅ △பசட என்று எழுதினால், வரி 9-இல் ∠தடச-வுக்கு இணையாக ∠படச வந்து நிற்கும். அது நமக்கு வேண்டிய கோணமே அல்ல, சமமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சர்வசம முக்கோணங்களின் பெயரை எழுதுவதே ஒரு கூற்று என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

8. அதிகம் வழுக்கும் இடங்கள்

முடிவையே காரணமாக்குவது. இந்தக் கணக்கில் பலர் முதலில் பிடிப்பது △சதம, △டபம இரண்டையும்தான், ஏனென்றால் அவை படத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் தெளிவாகத் தெரிகின்றன. சத = டப இருக்கிறது, ம-வில் குத்தெதிர்க் கோணங்கள் சமம். மூன்றாவதாக ஒன்று வேண்டும். கை தானாக 'சம = டம' என்று எழுதிவிடுகிறது. அதுதானே நாம் நிரூபிக்க வேண்டியது!

இந்த முக்கோணங்களை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. முதலில் △கசப ≅ △கடத என்று காட்டுங்கள்: கச = கட, ∠க பொது, கப = கத, ஆக ப-கோ-ப. அதிலிருந்து ∠கசப = ∠கடத, அதாவது ∠தசம = ∠படம. இந்தக் கோணம் கைக்கு வந்த பிறகு △சதம ≅ △டபம என்று சொல்லலாம். இரண்டு சர்வசமங்கள், முதலாவது கொடுப்பதை இரண்டாவது வாங்கிக்கொள்கிறது. முன்பின் மாற்றினால் இரண்டாவது அந்தரத்தில் தொங்கும்.

தேற்றத்தையும் மறுதலையையும் குழப்புவது. வரி 5, வரி 11 இரண்டுக்கும் பிள்ளைகள் 'இருசமபக்க முக்கோணம்' என்றே காரணம் எழுதுகிறார்கள். வரி 5 பக்கத்திலிருந்து கோணத்துக்குப் போகிறது. வரி 11 கோணத்திலிருந்து பக்கத்துக்கு வருகிறது. 'இணைகோடுகள் என்பதால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம்', 'ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பதால் இணைகோடுகள்' என்ற இரண்டும் இப்படித்தான். எது கையில் இருக்கிறது, எது வேண்டும் என்று பார்த்தால் திசை தெரியும்.

ப-ப-கோ என்ற இல்லாத விதி. கோணம் இரு பக்கங்களுக்கும் நடுவே இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். நம்பிக்கை வரவில்லை என்றால் ஒருமுறை வரைந்துவிடுங்கள்: 30° கோணம் ஒன்று வரைந்து, அதன் ஒரு கையில் (கோணத்தை ஆக்கும் இரு கோடுகளில் ஒன்றில்) உச்சியிலிருந்து 8 செ.மீ. அளந்து புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியில் காம்பஸ் முனையை வைத்து 5 செ.மீ. ஆரத்தில் வில் போட்டால், மற்றக் கையை அது இரண்டு இடங்களில் வெட்டும். ஒரே அளவுகளோடு இரண்டு வெவ்வேறு முக்கோணங்கள்! கையால் ஒருமுறை வரைந்தவர்கள் இதை மறப்பதில்லை.

இன்னும் கற்காததைக் காரணமாக்குவது. அடிக்கோணங்கள் சமம் என்பதையே நிரூபிக்கச் சொன்னால், அதற்கு மேல் கட்டப்பட்ட எதையும் பயன்படுத்தக் கூடாது. பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் 'எலிமென்ட்ஸ்' நூலின் முதல் பகுதியில் அடிக்கோணத் தேற்றம் 5-வது; ப-ப-ப 8-வது. 8-வது 7-வதன் மேலும், 7-வது 5-வதன் மேலும் நிற்கின்றன. அந்த அடுக்கில் 5-வதற்கு ப-ப-ப-வைக் காரணமாகச் சொன்னால் சுற்றிச் சுற்றி வருவோம். ப-ப-ப-வை அடிப்படை விதியாகவே எடுத்துக்கொள்ளும் பாடத்திட்டத்தில் அதே வரி தவறில்லை. ஆகவே உங்கள் பாடத்தில் எது முன், எது பின் என்று தெரிந்து எழுதுங்கள்.

9. அமைப்புக் கோடு எப்போது, எவ்வளவு

பின்னோக்கி வரும்போது 'இந்தப் பக்கம் எந்த முக்கோணத்திலும் இல்லையே' என்று நின்றால்தான் அமைப்புக் கோடு, அதாவது படத்தில் நாமாகச் சேர்த்து வரையும் கோடு, தேவைப்படும். வேறொரு கணக்கைப் பாருங்கள், எழுத்துகளும் புதியவை: வட்ட மையம் வ. கச ஒரு நாண். த என்பது கச-வின் மேல் உள்ள புள்ளி; வத ⟂ கச. கத = சத என்று காட்ட வேண்டும். முக்கோணமே இல்லை. வக, வச இரண்டையும் இணைத்தவுடன் இரண்டு செங்கோண முக்கோணங்கள் கிடைக்கின்றன. ஆரங்கள் கர்ணமாகச் சமம், வத பொது, செ-க-ப, முடிந்தது.

கணக்கை இப்போது திருப்புங்கள்: கத = சத என்பது தரவு, வத ⟂ கச என்பதைக் காட்ட வேண்டும். படம் அச்சு அசலாக அதேதான். பழக்கத்தில் மறுபடியும் செ-க-ப எழுதிவிடுவார்கள். ஆனால் செங்கோணம் இப்போது கையில் இல்லை. ப-ப-ப வழியாகப் போய், ∠வதக = ∠வதச என்று பெற்று, இரண்டும் ஒரே நேர்கோட்டின் மேல் சேர்ந்து 180° ஆவதால் ஒவ்வொன்றும் 90° என்று முடிக்க வேண்டும். படம் ஒன்றே என்றாலும் தரவு மாறினால் வரிசையும் மாறிவிடும்.

அமைப்புக் கோட்டின் மேல் ஒரே சமயத்தில் இரண்டு நிபந்தனைகளை ஏற்றாதீர்கள். இருசமபக்க முக்கோணத்தில் 'உச்சியிலிருந்து அடிப்பக்கத்தை இருசமக்கூறிடும் செங்குத்து வரைக' என்று எழுதினால், அப்படி ஒரு கோடு இருக்கிறது என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டிவரும். நடுப்புள்ளியை இணையுங்கள், அல்லது செங்குத்து வரையுங்கள், அல்லது கோணத்தை இருசமக்கூறிடுங்கள். ஒன்றைத் தேர்ந்தால் மற்ற இரண்டும் நிரூபணத்தின் வழியே வந்து சேரும்.

10. கீழிருந்து மேலே ஒருமுறை படியுங்கள்

எழுதி முடித்ததும் கடைசி வரியில் விரலை வைத்து, 'ஏன்?' என்று கேட்டு, அது சொல்லும் வரி எண்ணுக்கு விரலை நகர்த்துங்கள். விரல் எப்போதும் மேலே மட்டுமே போக வேண்டும். ஒருமுறை கீழே இறங்கினாலும் வரிசை தவறு. ஒவ்வொரு பாதையும் தரவிலோ, பொதுப் பக்கத்திலோ, ஏற்கெனவே கற்ற தேற்றத்திலோ போய் நிற்க வேண்டும்.

பழகுவதற்கு அதே படத்தை எடுத்து, த-வையும் ப-வையும் இணையுங்கள். தப ∥ சட என்று நிரூபிக்க வேண்டும். சர்வசமம் எதுவும் தேவையில்லை. பின்னோக்கிய முதல் கேள்வி: 'இரு கோடுகள் இணை என்று எப்போது சொல்லலாம்?' △கதப-வும் ஒரு இருசமபக்க முக்கோணம் என்பதையும், உச்சிக் கோணம் இரண்டு முக்கோணங்களுக்கும் பொது என்பதையும் பார்த்துவிட்டால் எட்டுச் சீட்டுகளில் முடிந்துவிடும். கடைசிச் சீட்டின் காரணம் தேற்றமா, மறுதலையா என்று மட்டும் கவனமாகப் பார்த்து எழுதுங்கள்.